குடித்திருந்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்

2014ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு விடியற்காலையில், திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் புறவழிச் சாலையோரத் தேநீர்க் கடையில் நின்றிருந்த லாரி ஓட்டுநர்கள் பதினேழு பேருக்கும் நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். என் சட்டைப் பையில் இருந்தது நாற்பது ரூபாய். அந்தக் கடையையே விலைக்கு வாங்கிவிட்டதாகவும், ஆகவே யாரும் காசு தர வேண்டியதில்லை என்றும் அவர்களிடம் அறிவித்தேன். கடைக்காரர் முதலில் சிரித்துக்கொண்டே காசு கேட்டார். இரண்டாம் முறை சிரிக்காமல் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது கையிலிருந்த கண்ணாடித் தம்ளரை அவர் மேல் வீசினேன். சூடான தேநீர் அவருடைய முழங்கையில் கொட்டியது. அப்போது நான் பேசிய சொற்களை இங்கே எழுத மாட்டேன். முதல் தகவல் அறிக்கையில் அவை ஒன்று விடாமல் எழுதப்பட்டிருக்கின்றன.

அதற்கு முந்தைய ஒன்பது இரவுகளில் நான் சரியாக உறங்கியிருக்கவில்லை. காற்றாலைகளைப் பராமரிக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் அப்போது வேலை செய்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் மாதங்கள்தாம் காற்றாலைக்காரர்களுக்கு அறுவடைக் காலம். அந்த நாட்களில் ஒரு காற்றாடி அரை நாள் நின்றாலும் நட்டம் என்பதால், நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் ஓடுவோம். மற்றவர்கள் களைத்துப் போனார்கள். எனக்குக் களைப்பே வரவில்லை. உறங்காமல் இருக்க இருக்க மனம் ஒளி கூடிக்கொண்டே போவதுபோல் இருந்தது. நான் பேசுவது நின்றபாடில்லை. இரவில் புதுப்புதுத் தொழில்களுக்குத் திட்டம் வரைந்தேன். இரண்டு மாதச் சம்பளத்தை நான்கு நாளில் செலவழித்தேன். உறக்கம் கெடுவது இருமுனைக் கோளாறு, அதாவது மனம் மிகையான எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிப் போகும் நோய், உள்ளவர்களை இப்படி மேலே தூக்கிவிடக்கூடும் என்பதை மருத்துவர் பிறகு விளக்கினார். அன்று எனக்கு வயது இருபத்து மூன்று. என்னைச் சுற்றியிருந்த எவருக்கும் அந்த நோயின் பெயர்கூடத் தெரியாது.

காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. அப்போது நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) ஆகிய மூன்று பிரிவுகள்: பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது, காயம் ஏற்படுத்தியது, மிரட்டியது. தமிழ்நாட்டில் தெருச்சண்டை வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று எண்களும் மனப்பாடமாக இருக்கும். கடைக்காரர் கொடுத்த புகாரில் 'குடிபோதையில்' என்ற சொல் இருந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அப்படி நடந்துகொள்பவனை வேறு எப்படிப் புரிந்துகொள்வது? குடித்திருக்கிறேனா என்று பார்க்க என்னை ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். மது வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை என்று பணியிலிருந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார். குடிக்கவில்லை என்றால் இவன் ஏன் இப்படிச் செய்தான் என்ற அடுத்த கேள்வியை அங்கிருந்த யாரும் கேட்கவில்லை.

கேட்ட ஒருவர் நிலையத்து ரைட்டர்தான். ஸ்டேஷன் ஜாமீனில் என்னை அழைத்துப் போக வந்திருந்த அப்பாவிடம், "பையன் எப்பவும் இப்படித்தானா பெரியவரே?" என்றார். அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவருடைய தாய்மாமா ஒருவர் முப்பது ஆண்டுகள் வீட்டுப் பின்கட்டில் சங்கிலியோடு இருந்து இறந்தவர்; அந்த முகம் அவருக்கு அன்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் இல்லய்யா. கூட்டாளிமாரோட சேந்து குடிச்சிருக்கான். குடிச்சிருந்தான்னே எழுதிக்கிடுங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக அப்பா மீது பல ஆண்டுகள் கோபத்தில் இருந்தேன். இப்போது கோபம் இல்லை. அவர் போட்ட கணக்கு புரிகிறது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த ஆண்டு அது. எங்கள் முக்கூடல் பக்கத்தில், குடித்துவிட்டு ஒரு நாள் சண்டை போட்டவனை ஊர் மறந்துவிடும். கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று அவனுக்காக வாதாடவும் செய்யும். புத்தி பேதலித்தவன் என்று பெயர் எடுத்தவனையோ அவனுடைய குடும்பத்து மூன்று தலைமுறையோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும். இரண்டு அவமானங்களில் சின்னதை அப்பா தேர்ந்தெடுத்தார். அது காகிதத்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் யோசிக்கவில்லை. நெல் வியாபாரி ஒருவரிடம் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அதை யோசிக்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

அம்மா என்னைப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துப் போனாள். மனம் கலங்கியவர்களை எல்லா மதத்தாரும் கொண்டு வந்து தங்க வைக்கும் தலம் அது. மூன்று செவ்வாய்க்கிழமைகள் அங்கே இருந்தோம். நான்காவது வாரம் அக்கா வந்து, யாரிடமும் கேட்காமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்குதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. லித்தியம் மாத்திரையும் அங்குதான் தொடங்கியது. இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு என்பதால் தொடர்ந்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அந்த வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் யாரையாவது பார்த்துவிட்டால் இருவருமே காய்ச்சலுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்வோம்.

ஆக, என்னைப் பற்றி இரண்டு காகிதங்கள் உருவாகிவிட்டன. ஒன்று காவல் நிலையத்தில் இருந்தது, மற்றொன்று மருத்துவமனையில். ஒன்றை ஒன்று அறியாது. முதல் காகிதத்தின்படி நான் குடித்துவிட்டு வம்பு செய்பவன், இரண்டாவதன்படி நோயாளி. முதலாவது பொய் என்று நிரூபிக்க வேண்டுமானால் இரண்டாவதை வெளியே எடுக்க வேண்டும். வேலை தேடிய அடுத்த ஐந்து ஆண்டுகளும் இந்த முடிச்சை அவிழ்ப்பதிலேயே கழிந்தன.

வழக்கை முடித்துவிட்டதாகவே வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மாமாவும் இரண்டு பெரியவர்களும் கடைக்காரரைப் போய்ப் பார்த்து, மருத்துவச் செலவுக்கு 3,000 ரூபாய் கொடுத்து, 'எனக்கு மேற்கொண்டு புகார் எதுவும் இல்லை' என்று எழுதி வாங்கி நிலையத்திலும் கொடுத்துவிட்டு வந்தார்கள். "கேஸ் முடிஞ்சிட்டு" என்றார் மாமா. ஊரளவில் அது முடிந்தது உண்மைதான். ஆனால் பதிவான முதல் தகவல் அறிக்கையைப் புகார் கொடுத்தவர் நினைத்தால் திரும்பப் பெற முடியாது. ஒன்று காவல்துறை இறுதி அறிக்கை போட வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டும். எங்கள் வழக்கில் குற்றப்பத்திரிகையும் வரவில்லை, முடித்துவைத்த அறிக்கையும் வரவில்லை. 'விசாரணையில் உள்ளது' என்ற இரண்டு சொற்களோடு அது அப்படியே உறங்கிக்கொண்டிருந்தது.

காற்றாலை வேலைக்குத் திரும்ப முடியவில்லை. இரவு வேலை கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரவு வேலை இல்லாத காற்றாலைப் பராமரிப்பு என்று ஒன்று கிடையாது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் சேர்ந்தேன். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குக் கை இலேசாக நடுங்கும். தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிக்கை பிசகாமல், எனாமல் உரியாமல் சுற்ற வேண்டிய வேலையில் அந்த நடுக்கத்தை மறைப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்: இடது மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொள்வது. "ஏன்ல இப்படிக் கோணிக்கிட்டு உக்காந்திருக்க?" என்று கடை முதலாளி கேட்பார். பழக்கமாகிவிட்டது என்பேன்.

2016ஆம் ஆண்டின் கடைசியில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தனியார் நிறுவனத்தில், பகல் வேலையாகவே, பராமரிப்புப் பிரிவில் இடம் கிடைத்தது. சம்பளம் காயில் கடையைப்போல மூன்று மடங்கு. சேரும் முன் நிரப்பிய படிவத்தில், உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா என்ற கேள்வி இருந்தது. மாமாவின் 'முடிஞ்சிட்டு' காதில் ஒலிக்க, 'இல்லை' என்று எழுதினேன். காவல்துறைச் சரிபார்ப்பில் எண்ணும் பிரிவுகளும் தேதியும் வெளிவந்தன. அந்த நிறுவனத்திலிருந்து பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். வழக்கு சிறியது என்பது தங்களுக்குத் தெரிகிறது என்றும், 'இல்லை' என்று நான் எழுதியதைத்தான் நிர்வாகம் ஏற்க முடியவில்லை என்றும் சொன்னார்.

இதே வேறுபாட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலை மாதம் ஒரு தீர்ப்பில் விரிவாகப் பேசியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அவதார் சிங் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவத்தில் கைது, வழக்கு, தண்டனை பற்றி விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை ஒருவர் மறைத்திருந்தால், அந்தப் பிழையை மன்னிக்க வேலை கொடுப்பவருக்கு அதிகாரம் உண்டு என்றும் கூறியது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு: உண்மையைச் சொல்லிவிட்டாலும், முன்நடத்தையைக் கருத்தில் கொள்ளும் உரிமை வேலை கொடுப்பவரிடமே இருக்கும், வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று அவரை வற்புறுத்த முடியாது. முதல் பகுதியை நான் 2016இல் அனுபவித்தேன். இரண்டாம் பகுதி 2018இல் வந்தது.

மத்திய அரசுப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் டெக்னீஷியன் தேர்வில் அந்த ஆண்டு தேறினேன். சரிபார்ப்புப் படிவத்தில் கேள்விகள் வரிசையாக இருந்தன: எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, காவலில் வைக்கப்பட்டதுண்டா, அபராதம் விதிக்கப்பட்டதுண்டா. தகவலை மறைத்தால் தகுதியிழப்பு என்ற எச்சரிக்கை தலைப்பிலேயே இருந்தது. இந்த முறை 'ஆம்' என்று எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் குடிகாரன் என்ற பெயரோடு ஒரு நல்ல வேலைக்குள் நுழைய எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே ஒரு முழுப் பக்கம் விளக்கம் எழுதினேன்: நான் அன்று குடித்திருக்கவில்லை, மருத்துவச் சான்றே அதைச் சொல்கிறது, அது ஒரு நோயின் முதல் தாக்குதல், இப்போது நான்கு ஆண்டுகளாக மருந்தில் சீராக இருக்கிறேன். மருத்துவமனைச் சீட்டின் நகலையும் இணைத்தேன்.

வழக்கைப் பற்றி அதன்பின் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே கூடுதல் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். திரும்ப வரலாம் என்றேன். நிறுத்த மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார் ஒருவர். இதய நோயாளியிடம் இந்தக் கேள்வியைக் கேட்பீர்களா என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. என் கோப்பு பரிசீலனையில் இருப்பதாகப் பதினொரு மாதங்கள் பதில் வந்துகொண்டிருந்தது; பிறகு தேர்வுப் பட்டியலே காலாவதி ஆகிவிட்டது.

சட்டம் எங்களுக்கு எதிராக இல்லை. 2018 மே 29 முதல் நடப்புக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவராகக் கருதக் கூடாது என்று 3ஆம் பிரிவிலேயே சொல்கிறது. நோயாளியைப் பற்றிய விவரங்களை மருத்துவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்று 23ஆம் பிரிவில் சொல்கிறது. என் விஷயத்தில் மருத்துவர் எவரும் சொல்லவில்லை, நானே எழுதிக் கொடுத்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்து, அரசு அலுவலகங்கள் வேலை விஷயத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வேறு சில குறைபாடுகளோடு சேர்த்து ஒரு விழுக்காடு இடஒதுக்கீடும் தருகிறது. ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்கு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு வேண்டும். தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவது, வேலை செய்வது என்று நான்கு கோணங்களில் அளந்து மதிப்பெண் போடுவார்கள். மருந்து சாப்பிட்டு, காயில் கட்டி, வீட்டுக்குச் சம்பளம் கொண்டு வருகிற நான் அந்த அளவைத் தொட முடியாது. ஒதுக்கீட்டுக்கு என் நோய் போதவில்லை. வேலைக்கு அது கூடிப்போனது.

2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் பலமுறை படித்திருக்கிறேன். மனநலக் குறைபாடு உள்ளவருடைய நடத்தைக்கு அந்தக் குறைபாடு ஒரு காரணமாகவாவது இருக்கும்போது, அதற்காக அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடு ஆகும் என்பது அதன் சாரம். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு அது பெரிய துணை. வாசலில் நிற்பவனுக்கு அந்தத் தீர்ப்பை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியவில்லை.

முடிச்சின் ஒரு முனையையாவது அறுத்துவிடலாம் என்று 2019இல் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் சொன்ன ஒரு செய்தி எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. 323, 506(1) ஆகிய இரண்டையும் பாதிக்கப்பட்டவர் கீழ் நீதிமன்றத்திலேயே சமரசமாக முடித்துக்கொள்ளலாம். 294(பி)யை அப்படி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதாவது அடித்ததை அடிபட்டவர் மன்னிக்கலாம், திட்டியதை மன்னிக்க முடியாது. அதற்கு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இரு தரப்பும் சமரசமாகிவிட்ட சிறு வழக்குகளைத் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தால் முடியும். குற்றப்பத்திரிகை போடுவதற்கான மூன்று ஆண்டுக் கெடுவும் எங்கள் வழக்கில் தாண்டிப் போயிருந்தது. செலவு 15,000 ரூபாய் ஆகும் என்றார். அந்த ஐந்து ஆண்டுகளில் நான் இழந்த சம்பளத்தை மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தேன்.

மதுரைக் கிளையில் இருவரும் நேரில் நிற்க வேண்டும் என்பதால் கடைக்கார அண்ணாச்சியைத் தேடிப் போனேன். அதே இடத்தில்தான் கடை இருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, சொன்ன பிறகு, "அந்தப் பையனா நீ? மெலிஞ்சிட்டியே!" என்றார். ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சம்மதித்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இருவரும் ஆதார் அட்டைகளோடு ஒரே பேருந்தில் மதுரைக்குப் போனோம். கோவில்பட்டி தாண்டியதும், சன்னல் பக்கம் பார்த்தபடியே அவர் கேட்டார்.

"இப்ப குடிக்கிறதுல்லாம் விட்டுட்டியா தம்பி?"

"நான் அன்னைக்குக் குடிக்கல அண்ணாச்சி."

"பொறவு?"

சொன்னேன். ஐந்து ஆண்டுகளில் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் வெளியே நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் வெகுநேரம் பேசவில்லை. சாத்தூர் வந்தபோது, தன் மச்சினனுக்கும் இப்படித்தான் இருந்தது என்றும், அவனைக் கடைசிவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவே இல்லை என்றும் சொன்னார். "முன்னமே தெரிஞ்சிருந்தா நான் ஸ்டேஷனுக்கே போயிருக்க மாட்டேன்" என்றார். அவரை அன்று போக வேண்டாம் என்று தடுத்திருக்கக்கூடிய ஒரு சொல்லை எங்கள் குடும்பத்தில் யாருமே சொல்லத் தயாராக இருக்கவில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

நீதிமன்றத்தில் நாங்கள் நின்றது இரண்டு நிமிடம் இருக்கலாம். கூட்டுச் சமரச மனு, எங்களை அடையாளம் காட்ட வந்த எஸ்.ஐ., நீதிபதியின் ஒரு கேள்வி, அவ்வளவுதான். வழக்கு ரத்தானது. உத்தரவின் நகலில் வழக்கின் விவரமாக அதே பழைய வாசகம் இருந்தது: 'குடிபோதையில்'.

இப்போது கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு சிறிய தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பகல் வேலை. படிவம் எதுவும் நிரப்பவில்லை. சித்தி மகன் 'தெரிஞ்ச பையன்' என்று சொல்லிச் சேர்த்துவிட்டான். எங்களைப் போன்றவர்களுக்கு நெல்லைச் சீமையில் கிடைக்கும் வேலைகள் பெரும்பாலும் இப்படிக் காகிதம் இல்லாமல் கிடைப்பவைதாம். காகிதம் கேட்கும் வேலைக்கும் கேட்காத வேலைக்கும் இடையே சம்பளத்தில் இருக்கும் தூரத்தை நான் மாதம்தோறும் பார்க்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒருவர் மகனோடு வந்தார். பையன் காவலர் தேர்வுக்காகப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் தினமும் காலையில் ஓடுகிறவன். கல்லூரி வாசலில் நடந்த ஒரு கைகலப்பில் பெயர் சேர்க்கப்பட்டவன். இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்டது, சாட்சிகள் மாறிச் சொல்லிவிடுவார்கள், விடுதலை ஆகிவிடலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அந்த யோசனையை உடனே விடச் சொன்னேன். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) விதியின் விளக்கம், சாட்சி பிறழ்ந்ததாலோ சந்தேகத்தின் பலனாலோ விடுதலை ஆனவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதும். தகுந்த வழக்கறிஞரைப் பார்க்கும்படியும், படிவத்தில் எந்தக் கேள்விக்கும் 'இல்லை' என்று பொய் எழுத வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். போகும்போது அந்தத் தகப்பனார், "நீங்க எல்லாத்தையும் தைரியமாச் சொல்லிட்டிய போல" என்றார்.

மாதம் ஒருமுறை ஹைகிரவுண்டுக்குப் போக நான் விடுப்பு எடுக்க வேண்டும். விடுப்புப் பதிவேட்டில் 'சொந்த வேலை' என்று எழுதுவேன். போன ஆடியில் முதலாளி கூப்பிட்டார். "மாசாமாசம் என்ன தம்பி சொந்த வேலை?" என்றார். இரத்தப் பரிசோதனை என்றேன். "சுகரா?" என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து கம்பெனியில் எனக்கு மட்டும் சீனி போடாத தேநீர் தனித் தம்ளரில் வருகிறது, நானும் குடித்துக்கொண்டிருக்கிறேன்.